சிறுநீரக மாற்றுக்குப் பிறகான முதல் ஓராண்டு: குடும்பம் எதுவரை தாங்குவது, எப்போது கையை எடுப்பது

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 44 வயதான அவருடைய கணவருக்குச் சென்னையில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. சிறுநீரகம் கொடுத்தவர் கணவரின் தாய், அதாவது இவருடைய 63 வயதான மாமியார். இப்போது மருத்துவமனைக்கு அருகே ஒரு வாடகை வீட்டில் தங்கியிருக்கிறார்கள். ஊரில் இரும்புக்கடை இருக்கிறது. மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு ஒன்றேகால் வயது. கணவர் எப்போது பழையபடி நடமாடுவார், வீட்டார் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும், முன்பு இல்லாத கோபம் அவருக்கு ஏன் வருகிறது, ஆளுக்கொரு யோசனை சொல்லும் உறவினர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பவை அவருடைய கேள்விகள். சிறுநீரக மாற்றுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக நெடுங்காலம் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன். மருந்தின் அளவைப் பற்றி நான் எங்கும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் சிறுநீரக மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டியது.

காலக்கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதம் கட்டுப்பாடுகள் மிகுந்த காலம். உடல் புதிய சிறுநீரகத்தை எதிர்க்கும் வாய்ப்பும் தொற்று வரும் வாய்ப்பும் அப்போதுதான் அதிகம். ஆறு மாதத்துக்குள் மருந்துகளின் அளவு படிப்படியாகக் குறைந்து, பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட நாள்களும் கூடும். ஓராண்டு தாண்டிய பிறகு பெரும்பாலோர் வேலை, பயணம், விசேஷம் என்று எல்லாவற்றிலும் கலந்துகொள்கிறார்கள். ஆனால் நான் கண்ட குடும்பங்களில் முதல் மூன்று மாதத்தைக் கோட்டை விட்டவர்கள் குறைவு. அப்போது எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்கள். சிக்கல் வருவது இரண்டாம், மூன்றாம் ஆண்டில், மனைவியும் அம்மாவும் களைத்துப்போய், நோயாளிக்குத் தன் மாத்திரையின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கும் நிலையில்தான். ஆகவே இப்போது எப்படித் தாங்குவது என்பதோடு, எந்தப் பொறுப்பை எப்போது அவர் கையில் திருப்பிக் கொடுப்பது என்பதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

உடலைப் பொறுத்தவரை, புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் இடுப்பெலும்பை ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். பழைய சிறுநீரகங்களை வேறு காரணம் இல்லையென்றால் எடுப்பதில்லை. வெளிக்காயம் ஆறிவிட்டாலும் உள்ளே தசை இறுகுவதற்கு இன்னும் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. ஒன்றேகால் வயது மகளை அவர் குனிந்து தூக்க முயல்வார், அதையும் தடுத்துவிட்டு, உட்கார்ந்திருக்கும்போது மடியில் விடுங்கள். சிறுநீர்க்குழாயில் வைத்த ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை எடுத்தாயிற்றா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பொதுவாக ஆறு வாரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில் அது மறந்துபோய், மாதங்கள் கழித்துச் சிறுநீர்த் தொற்றோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. டயாலிசிஸுக்காகக் கையில் போட்ட ஃபிஸ்டுலா என்னும் ரத்தக்குழாய் இணைப்பு அப்படியே இருக்கும். அந்தக் கையில் இனியும் பிபி பார்ப்பதோ ரத்தம் எடுப்பதோ கூடாது.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று எண்ணிக் குடித்தவர், நாக்கு வறண்டால் ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தவர், இன்று இரண்டரை, மூன்று லிட்டர் குடியுங்கள் என்றால் மிரளுகிறார். செம்பை ஒளித்துவைத்த மனைவியே இன்று செம்போடு பின்னால் நடக்க வேண்டியிருக்கிறது. மருத்துவர் சொன்ன அளவைக் கொதிக்கவைத்து ஆறிய நீராக ஒரே பாத்திரத்தில் காலையில் ஊற்றிவைத்துவிட்டால், மாலைக்குள் அது தீர்ந்ததா என்று பார்த்தாலே போதும். ஒவ்வொரு மணி நேரமும் நினைவூட்டும் தொல்லை இருவருக்கும் இல்லை. இளநீர் நல்லதுதானே என்று கேட்பார்கள். உடல் புதிய சிறுநீரகத்தை எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது, இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. எனவே பொட்டாசியம் அளவைப் பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே கொடுங்கள்.

பெற்ற தாயின் சிறுநீரகம்தானே, உடம்பு தானாகவே ஏற்றுக்கொள்ளும், இத்தனை மாத்திரை எதற்கு என்று உங்கள் வீட்டுக்கு வருகிற யாராவது நிச்சயம் கேட்பார்கள். 1954இல் பாஸ்டனில் மருத்துவர் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில் எதிர்ப்புத் தடுப்பு மருந்து தேவைப்படாததற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர். இருவர் திசுவும் ஒன்றே. தாய்க்கும் மகனுக்கும் திசுப்பொருத்தம் பாதிதான் இருக்கும், மற்றப் பாதி தந்தை வழி வந்தது. அந்த வேறுபாட்டை உடலின் காவல் அணுக்கள் ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. வேலூர் சிஎம்சியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்த 1971இல் கைவசம் இருந்த மருந்துகள் மிகக் குறைவு. எண்பதுகளில் சைக்ளோஸ்போரினும் பின்னர் டாக்ரோலிமஸும் வந்த பிறகுதான் இந்தச் சிகிச்சை இன்றைய நம்பிக்கையைப் பெற்றது. அந்த நம்பிக்கை முழுவதும் மாத்திரையைத் தவறாமல் போடுவதில்தான் நிற்கிறது.

ஆகவே மாத்திரை விஷயத்தில் சற்று விரிவாகவே சொல்கிறேன். டாக்ரோலிமஸைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், காலை ஒன்பது, இரவு ஒன்பது என்பதுபோல் ஒரே நேரத்தில் போட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு என்று பழகிவிட்டால் தினமும் அப்படியே. அரை மில்லிகிராம், ஒரு மில்லிகிராம் எனப் பல அளவுகளில் கேப்ஸ்யூல் வரும், அட்டைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மருத்துவர் அளவை மாற்றும் வாரத்தில்தான் குழப்பம் நேர்கிறது. கேப்ஸ்யூலை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து டப்பாவில் போட்டுவைக்காமல், கத்தரிக்கோலால் அட்டையோடு சேர்த்து வெட்டி, வார டப்பாவின் அந்தந்த அறையில் போடுங்கள்: மருந்து ஈரம் படாமல் இருக்கும், பெயரும் கண்ணில் படும். மருந்துக்கடையில், “அதே மருந்துதான், கம்பெனிதான் வேற” என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கம்பெனி மாறினால் ரத்தத்தில் மருந்தின் அளவும் மாறக்கூடும். மருத்துவர் அறிந்து மாற்றி, அளவைச் சோதித்தால் மட்டுமே அது சரி. ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக் கூடாது. மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தாலும், ஒரு நாளைக்கு மேல் பேதி நீடித்தாலும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பேதியின்போது டாக்ரோலிமஸ் அளவு வழக்கத்தைவிட ஏறிவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

மருந்தின் அளவைப் பார்க்க ரத்தம் எடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போய், ரத்தம் கொடுத்த உடனே போட வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி மருத்துவர் மருந்தைக் குறைத்தால், உண்மையில் போதாத மருந்தோடு அந்தச் சிறுநீரகம் இருக்க நேரிடும். ஊருக்குத் திரும்பிய பின் பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு மாத்திரையை ஒன்பது மணிக்குப் போட்டுக்கொண்டு, காலையில் எழும்பூரில் இறங்கி நேரே ஆய்வகத்துக்குப் போகிறவர்கள் பலர், அது சரியான ஏற்பாடுதான். வண்டி தாமதமாகலாம் என்பதால் இரண்டு நாள் மாத்திரை கூடுதலாகக் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். ஒவ்வொரு முறையும் சென்னைக்கு அலையாமல் இருக்க, திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஒரு சிறுநீரக மருத்துவரிடம் தொடர் சிகிச்சையைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின் எடை, உடல் சூடு, பிபி, சர்க்கரை சோதிக்கச் சொல்லியிருந்தால் அது, குடித்த நீர், போன சிறுநீர். ஒரே நாளில் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடினாலும், சிறுநீர் குறைந்தாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும், சிறுநீரகம் வைத்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரிந்தாலும், காலில் நீர் கோத்தாலும் அன்றே தெரிவிக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கவைத்து மறுநாள் பார்க்கலாம் என்பது உங்கள் வீட்டில் இனி கூடாது. சிறுநீரக எதிர்ப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் இன்றி, ரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் ஏறுவதாக மட்டுமே தெரியும், ஆகவே நன்றாகத்தானே இருக்கிறார் என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கிரியாட்டினின் சற்று ஏறியதும் எல்லாம் போயிற்று என்று அழவும் வேண்டாம். தண்ணீர் குறைந்தாலே அது ஏறும். எதிர்ப்பாகவே இருந்தாலும் பயாப்சி (சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்து உடனே மருந்து கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தொற்றைப் பொறுத்தவரை வீட்டைக் கண்ணாடிக் கூண்டாக்க வேண்டியதில்லை. தனி அறை, முடிந்தால் தனிக் கழிப்பறை, உள்ளே வருகிறவர்கள் சோப்பால் கைகழுவுதல், சளி இருமல் உள்ளவர்கள் வராமல் இருத்தல் ஆகியவையே முக்கால்வாசி. நம் ஊரில் காசநோய் பரவலாக இருப்பதால், வீட்டிலோ கடையிலோ யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அவர் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மகனுடைய பள்ளியில் சின்னம்மை வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால், வேப்பிலை கட்டிப் பேசாமல் இருந்துவிடும் நம் வழக்கம் இவருக்கு உயிராபத்தாக முடியலாம். அவரை உடனே வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, தடுப்பு மருந்து தேவையா என்று கேட்க வேண்டும். மகளுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் போலியோ சொட்டு மருந்தின் ஊக்கத் தவணை வரும். அது உயிருள்ள கிருமியைக் கொண்ட மருந்து, குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளியேறும். குழந்தையின் தடுப்பூசியை நிறுத்திவிடாமல், எந்த வகை மருந்து, எத்தனை நாள் எச்சரிக்கை என்று இரு மருத்துவர்களிடமும் கேளுங்கள். எப்படியிருந்தாலும் குழந்தையின் மலத்துணியை அவர் தொட வேண்டாம். அவருக்கே உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசி எதையும் போடக் கூடாது.

சாப்பாட்டில் விதி ஒன்றுதான்: வீட்டில் சமைத்தது, சூடாக, அன்றைக்கே. இட்லி, சோறு, பருப்பு, நன்றாக வெந்த முட்டை, மீன் எல்லாம் ஆகும். பழைய சோறு, அரைவேக்காட்டு முட்டை, கடையில் ஐஸ் போட்ட ஜூஸ், வெட்டிவைத்த பழம், வெளியில் அரைத்த சட்னி ஆகியவை முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும் என்பதால் எப்போதுமே வேண்டாம். ஸ்டீராய்டு மருந்தால் பசி அகோரமாக எடுக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு முறுக்கு டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் திட்டாதீர்கள், டப்பாவை வீட்டில் வைக்காதீர்கள். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் பிபியை ஏற்றும். இனிப்பு, இதுவரை இல்லாத சர்க்கரை நோயைக் கொண்டுவரக்கூடும்.

உறவினர் விஷயத்துக்கு வருகிறேன். எதிர்ப்புச் சக்தி வேண்டும் என்று சொல்லிச் சீந்தில் பொடியும் கபசுரக் குடிநீரும் கொண்டுவருவார்கள். அவர் விழுங்கும் மாத்திரைகளின் வேலையே எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைப்பது என்பதை ஒரு முறை பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் கேட்காதவர்களிடம், “டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் தருவோம்” என்ற ஒரே பதில் போதும், வாதம் செய்ய உங்களுக்குச் சக்தி மிச்சமில்லை. நெருஞ்சில் கஷாயம் போன்ற நாட்டு மருந்துகளுக்கும் அதே பதில்தான். உள்ளூர் மருத்துவரிடம் பல்வலிக்கோ சளிக்கோ போனால் மாற்றுச் சிகிச்சை நடந்ததை முதலில் சொல்லுங்கள்: டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை மளமளவென்று இறக்கும்.

கோபத்துக்குப் பாதிக் காரணம் மருந்து. ஸ்டீராய்டு அதிக அளவில் இருக்கும் முதல் மாதங்களில் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், காரணமில்லாமல் அழுகையும் வரும். டாக்ரோலிமஸ் கைநடுக்கத்தைத் தரும், டம்ளர் தளும்பும், கையெழுத்து கோணும், முகமும் உப்பிப்போயிருக்கும். அளவு குறையக் குறைய இவை பெரும்பாலும் தணியும். மீதிப் பாதி, வீட்டில் அவர் இருக்கும் நிலை. கடையை நடத்தியவர், நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்தவர், இன்று எத்தனை மில்லி சிறுநீர் போனது என்று எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் அம்மாவுக்குப் பட்ட கடன் ஒன்றும் மனத்தை அழுத்திக்கொண்டிருக்கும். “அம்மா உறுப்பையே கொடுத்திருக்காங்க, நீ தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குற” என்று நல்லெண்ணத்தில் சொல்லும் வார்த்தைதான் அவரை அதிகம் குத்தும். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் யாரோடும் பேசாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கான மருந்தையும் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிய பிறகே தொடங்க வேண்டும்.

இனி, பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பது. புறநோயாளிப் பிரிவில், “காலையில் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள்?” என்று நாங்கள் கேட்டால், முக்கால்வாசி ஆண்கள் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரத்தில் அது இயல்பு, ஓராண்டு கழித்தும் அப்படியே இருந்தால் எங்களுக்குக் கவலை வரும். உங்கள் கணவர் இப்போதே நோட்டில் தன் கையால் எடையையும் பிபியையும் எழுதட்டும், எழுத்து நடுங்கினால் நடுங்கட்டும். மூன்றாம் மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் வார டப்பாவை அவரே நிரப்ப, நீங்கள் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். ஆறாம் மாதத்தில் அவர் நிரப்பியதை ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும். தீரப்போகும் மாத்திரையைப் பத்து நாள் முன்பே வாங்குவதும், அடுத்த பரிசோதனைத் தேதியைக் குறித்துவைப்பதும் அவருடைய வேலையாகட்டும். இப்படிச் சொன்னால், “அவர் மறந்துவிடுவார், நானே செய்துவிடுகிறேன்” என்பார்கள். அன்பால் சொல்வதுதான், ஆனால் உங்களுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்து படுத்தால் அந்த வீட்டில் மருந்து அறிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் செயலிழப்பதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று மாத்திரையைத் தவறவிடுவதே. உடம்பு தேறியபின் வரும் மெத்தனத்தில்தான் அது தொடங்குகிறது.

கடைக்குப் போவது மூன்று மாதத்துக்குப் பிறகு, மருத்துவர் ஒப்புதலோடு. முதலில் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் கல்லாவில் மட்டும் உட்காரட்டும். சிமெண்ட் இறக்கும் நேரத்தில் கடையில் இருக்க வேண்டாம். தூசி கிளம்பும் இடத்தில் முகக்கவசம் கட்டாயம். ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றும் வேலையை அவர் நிரந்தரமாகவே மறந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. மருத்துவர்களில் சிலர் ஓராண்டுக்குப் பின் அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை. நடைப்பயிற்சியை இன்றே தொடங்கலாம், வெயிலுக்கு முன்.

பணம் ஒரு பெரிய கேள்வி, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். மருந்துச் செலவு ஆயுள் முழுவதும் தொடர்வது. மாதக் கடைசியில் கை இறுகும்போது பலர் யாரிடமும் சொல்லாமல் இரண்டு வேளையை ஒரு வேளையாக்கிவிடுகிறார்கள், அது நேரே சிறுநீரகத்தில் போய் முடிகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்களா, தொடர் மருந்துகளை அரசு மருத்துவமனை வழியாகப் பெற வழி உண்டா என்று உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் இப்போதே கேளுங்கள். கையில் பணம் தீர்ந்த பிறகு விசாரிக்கத் தொடங்கினால் இடையில் மருந்து அறுந்துபோகும்.

கடைசியாக உங்கள் மாமியார். கேள்வி முழுவதிலும் அவரைப் பற்றி, சிறுநீரகம் கொடுத்தவர் என்பதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. அவருக்கும் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது, ஒரு சிறுநீரகத்தோடு வாழப் பழகும் உடல் அவருடையது. மகனுக்குச் சமைக்கிறேன் என்று அவர் அடுப்படியில் நிற்பதையும் குடம் தூக்குவதையும் இன்னும் சில வாரம் தடுத்துவையுங்கள். மகனுக்கு எப்போதாவது கிரியாட்டினின் ஏறினால், தன் சிறுநீரகம்தான் சரியில்லையோ என்று அவர் உள்ளுக்குள் மருகுவார். அப்படி இல்லை என்பதை மருத்துவர் வாயாலேயே அவருக்குச் சொல்லவைக்க வேண்டும். அந்த வயதில் மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை இனி அவருக்கும் ஆகாது. ஆண்டுக்கொரு முறையாவது பிபி, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் அவருக்குப் பார்க்க வேண்டும். மகனுடைய பரிசோதனை நாளிலேயே அவரையும் அழைத்து வந்தால் ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிடும்.